பக்கத்து வீட்டுப் பூனை அடுப்படிக்கு வருதா? விஷம் வேண்டாம்... வழி இருக்கு!

கோழிக்குஞ்சு குறைந்தாலும் பால் குண்டா உருண்டாலும் கிராமத்தில் முதல் பழி விழுவது பூனை மேல்தான். அந்தப் பூனை பக்கத்து வீட்டுப் பூனையாக இருந்துவிட்டால், பழி பூனையோடு நிற்காது. வரப்புத் தகராறு போல வளர்ந்து, இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லாமல் போய்விடும். வளர்க்கிறவர்களுக்கு அது செல்லம். பால் போன வீட்டுக்கு அது திருடன். இரண்டு வீடும் கெடாமல் இந்தத் தொல்லையைத் தீர்க்க முடியுமா? முடியும். அதற்குச் சாம்பலும் கம்பி வலையும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

ஈரோடு மாவட்டத்தில் பவானி ஆற்றுப் பாசனத்தில் உள்ள ஓர் ஊர். ஒன்றரை ஏக்கர் மஞ்சள், இரண்டு கறவை மாடுகள், இருபது சிறுவிடைக் கோழிகள் என்று வாழும் ஒரு குடும்பம். கோழிகள் அந்த வீட்டுப் பெண்ணின் பொறுப்பு. முட்டை, குஞ்சு விற்று வரும் காசு பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு. அடைவைத்து 21-ம் நாள் பொரித்த 12 குஞ்சுகளில், பத்து நாளைக்குள் ஐந்து காணாமல் போய்விட்டன. அதே வாரத்தில் இரண்டு தடவை காய்ச்சி வைத்த பால் உருண்டு கிடந்தது. பக்கத்து வீட்டுச் சாம்பல் நிறப் பூனை ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுவதை அவரே கண்ணால் பார்த்தார்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் அறுபத்தைந்து வயதைத் தாண்டிய மூதாட்டி. கணவர் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. துணைக்கு இருப்பது அந்தப் பூனை ஒன்றுதான்.

“உங்க பூனை எங்க குஞ்சையெல்லாம் தூக்கிட்டுப் போயிருச்சுங்க பெரியம்மா. கொஞ்சம் கட்டிப் போடுங்க.”

“எம்பட பூனை பால் குடிக்கும், குஞ்சத் தொடாது அம்மிணி. கண்ணால பார்த்தியா நீ?”

பேச்சு இரண்டு வார்த்தை தடித்தது. அன்றிலிருந்து வாசலில் எதிர்ப்பட்டாலும் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ராத்திரி கணவர் சொன்னார்: “எதுக்கு வாய்ச்சண்டை? கருவாட்டுல எலி மருந்தத் தடவி வெச்சுப் போட்டா முடிஞ்சுது.”

அவருக்கும் கோபம்தான். ஆனால், வாசலில் கட்டிக்கிடக்கும் நாய், காலையில் மேய வரும் கோழிகள், வெள்ளிக்கிழமை தோறும் வந்து முற்றத்தில் விளையாடும் மூதாட்டியின் பேரன்... எல்லாம் நினைவுக்கு வந்தன. “ரெண்டு நாள் பொறுங்க” என்று சொல்லிவிட்டார். அந்த இரண்டு நாள் பொறுமைதான் எல்லாவற்றையும் மாற்றியது.

முதலில் திருடன் யாரென்று பாருங்கள்

மாட்டுக்குச் சினை ஊசி போட வந்த கால்நடை மருத்துவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, அவர் சொன்ன யோசனை எளிமையானது. அடுப்புச் சாம்பலைச் சலித்து, பூனை வரும் ஜன்னல் திட்டிலும், கோழிக் கூண்டைச் சுற்றியும் மெல்லிய விரிப்பாகத் தூவிவிட வேண்டும். எது வந்தாலும் கால் தடம் பதிந்துவிடும்.

பூனையின் தடம் வட்டமாக இருக்கும். நான்கு விரல் பதியும், நகம் பதியாது. நடக்கும்போது பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதுதான் காரணம். நாயின் தடத்திலும் நான்கு விரல்தான். ஆனால் நகம் பதியும். கீரியின் தடத்தில் ஐந்து விரலும் நீண்ட நகமும் தெரியும். மரநாய்க்கும் ஐந்து விரல் உண்டு. அது இரவில் மட்டும் வரும். பெருச்சாளியின் தடம் சிறியது, பக்கத்தில் வளையும் இருக்கும்.

மறுநாள் பார்த்தபோது, ஜன்னல் திட்டில் இருந்தது வட்டமான பூனைத் தடம். கோழிக் கூண்டின் ஓரத்தில் இருந்ததோ நகத்தோடு ஐந்து விரல். கூண்டுக்கு அடியில் மண்ணைப் பறித்த அடையாளமும் இருந்தது. பால் குடித்தது பூனை. குஞ்சைத் தூக்கியது கீரி! கருவாட்டில் மருந்து வைத்திருந்தால் பூனை செத்திருக்கும், குஞ்சு போவது நின்றிருக்காது.

பூனை குஞ்சைத் தூக்காது என்று இதற்குப் பொருள் இல்லை. பசித்த பூனை கட்டாயம் தூக்கும். ஆனால் காகம், வல்லூறு, கீரி, மரநாய், பெருச்சாளி, பாம்பு என்று குஞ்சுக்கு எதிரிகள் பலர். எந்த நேரத்தில் குஞ்சு குறைகிறது என்பதும் துப்புக் கொடுக்கும். நடுப்பகலில் வெட்டவெளியில் என்றால் காகமோ வல்லூறோ கீரியோ. பூட்டிய கூண்டில் ராத்திரி என்றால் மரநாயோ பெருச்சாளியோ பாம்போ. பூனை பெரும்பாலும் விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான் வேட்டைக்குப் போகும். கீரி, மரநாய் இரண்டும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கொல்லக் கூடாது. கூண்டைத்தான் பலப்படுத்த வேண்டும்.

பூனை ஏன் வருகிறது?

பூனை சும்மா வராது. அது வரும் வீட்டில் மூன்றில் ஒன்று இருக்கும்: சாப்பாடு, எலி, படுக்கக் கதகதப்பான இடம்.

சாப்பாடு என்றால் மூடாத பால், மீன் கழுவிய தண்ணீர், கோழி அறுத்த கழிவு, நாய்க்கு வைத்து மிச்சமான சோறு. எலி என்றால் மக்காச்சோள மூட்டை, நெல் மூட்டை, தவிட்டு டிரம் இருக்கும் இடம். கதகதப்பு என்றால் வைக்கோல் போர், அடுப்புத் திண்ணை, பழைய துணி மூட்டை. இந்த மூன்றையும் அப்படியே விட்டுவிட்டு பூனையை மட்டும் விரட்டினால், ராத்திரி மறுபடி வரும். அதைக் கொன்றாலோ கொண்டுபோய் விட்டாலோ, காலியான இடத்துக்கு வேறொரு பூனை வந்து சேரும்.

இதில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஓர் எலி ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராம் தானியம் தின்னும். தின்பதைவிடக் கடித்தும் சிறுநீர் கழித்தும் பாழாக்குவது அதிகம். எலிக்காய்ச்சல் பரவுவதும் அதன் சிறுநீரால்தான். மூட்டை அடுக்கிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பூனை வருவது, சம்பளம் இல்லாத காவல்காரர் வருவது போலத்தான். அவர் அடுப்படிக்குள் நுழையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுப்படியை அடைக்கும் வழி

பூனையின் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். ஜன்னலுக்கு ஓர் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடித்துவிடுங்கள். ஓட்டு வீட்டில் சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் உள்ள சந்து, புகைபோக்கி, கதவின் அடி இடைவெளி, சாக்கடைக் குழாய் வாய் ஆகியவற்றை ஒரு நாள் உட்கார்ந்து கணக்கெடுங்கள். பூனை எந்த வழியில் வருகிறது என்பதைச் சாம்பலே சொல்லிவிடும். அடைப்பதற்கு முன்பு, உள்ளே பூனையோ குட்டியோ மாட்டிக்கொள்ளவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலுக்கு நம் பாட்டிமார் கண்ட வழி உறி. மோட்டிலிருந்து தொங்கும் உறியில் வைத்த பாலும் வெண்ணெயும் பூனைக்கு எட்டாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்றும் இதற்கு மிஞ்சிய வழி இல்லை. உறியைச் சுவரிலிருந்தும் அலமாரியிலிருந்தும் தள்ளித் தொங்கவிட வேண்டும். ஐந்தடி உயரத்தைப் பூனை சாதாரணமாகத் தாவிவிடும். உறி கட்ட முடியாவிட்டால், வாய் குறுகிய பாத்திரத்தில் தட்டுப் போட்டு, மேலே அம்மிக் குழவி போன்ற பாரமான பொருளை வையுங்கள்.

மீன் செதிலையும் கோழிக் குடலையும் கொல்லையில் வீசாமல், எருக்குழியில் முக்கால் அடி ஆழத்தில் புதைத்து மேலே மண்ணோ சாணமோ போடுங்கள். கருவாடு காயவைத்தால் மேலே கொசுவலையோ கம்பிக் கூடையோ போட்டு மூடுங்கள். நாய் சோற்றை, நாய் தின்று முடித்ததும் எடுத்துவிடுங்கள். தானியத்தை மூடியுள்ள தகர டிரம்மில் வையுங்கள். எலி குறைந்தால் பூனை வருவதும் குறையும்.

பூனை சிறுநீர் கழித்த இடத்தில் வாடை இருக்கும்வரை அது மறுபடி அங்கேயே வரும். சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, பிறகு தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்துக் காயவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் போட வேண்டாம்; சிறுநீரோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயுவாகும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலின் வாடை பல பூனைகளுக்குப் பிடிக்காது. ஜன்னல் திட்டில் போட்டு வைக்கலாம். இரண்டு, மூன்று நாளில் காய்ந்துவிடும் என்பதால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வந்த பூனையை விரட்ட, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்தாலே போதும். இரண்டு, மூன்று முறை நனைந்தால் அந்த வழியை மறந்துவிடும்.

அந்துருண்டை போடுவதும், கெட்டியாக ஃபீனாயில் ஊற்றி வைப்பதும் வேண்டாம். காலில் பட்டதைப் பூனை நக்கும். அதன் ஈரலால் இந்த மருந்துகளை முறிக்க முடியாது. வெந்நீர் ஊற்றுவது, கல்லெறிவது, கண்ணி வைப்பது எல்லாம் கொடுமை மட்டுமல்ல. அடிபட்ட பூனை மிரண்டு, பக்கத்தில் வரும் குழந்தையைக் கடிக்கும்.

குஞ்சுக்குக் காவல்

குஞ்சு பொரித்து ஆறிலிருந்து எட்டு வாரம் வரைதான் ஆபத்து அதிகம். அந்த நாள்களில் தாய்க்கோழியோடு பஞ்சாரத்தில் போட்டு வையுங்கள். கொங்குப் பக்கம் கொடாப்பு என்று சொல்லும் அதே கூடைதான். மேலே கல் வைக்க மறக்க வேண்டாம்.

நிரந்தரக் கூண்டு என்றால், அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டுமெஷ் வலைதான் நல்லது. அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழி வலையைப் பூனை தள்ளி நெகிழ்த்திவிடும்; கண் பெரிதாக இருந்தால் பெருச்சாளியும் நுழையும். பக்கவாட்டில் மட்டும் அடித்தால் போதாது, மேலேயும் மூட வேண்டும். வலையை மண்ணுக்குள் ஓரடி ஆழம் இறக்கிப் புதைத்தால் கீரி பறித்துக்கொண்டு நுழைய முடியாது. கதவுக்குச் சாய்ப்பு மட்டும் வைக்காமல் கொக்கி போடுங்கள். பொழுது சாய்வதற்கு அரைமணி நேரம் முன்பே கோழிகளை அடைத்துவிட்டால், பூனையின் மாலை வேட்டைக்கு வாய்ப்பில்லை.

பக்கத்து வீட்டோடு எப்படிப் பேசுவது?

‘பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்’ என்று கேலியாகச் சொல்வார்கள். இந்த விஷயத்தில் இரண்டாகவும் இருந்துதான் ஆக வேண்டும்.

பால் கொட்டிய கோபத்தோடு உடனே போய் நிற்காதீர்கள். ஒருநாள் விட்டுப் போங்கள். நான்கு பேர் கூடியிருக்கும் இடத்தில், தண்ணீர்க் குழாயடியில், பால் சொசைட்டியில் பேச்சை எடுக்காதீர்கள். வீட்டுக்குப் போய்த் தனியாகப் பேசுங்கள். ‘உங்க பூனை திருடுது’ என்று தொடங்கினால், எதிரில் இருப்பவர் பூனைக்கு வக்கீலாகிவிடுவார். ‘பூனை எங்க ஜன்னல் வழியா வருது, என்ன பண்ணலாம்?’ என்று கேட்டால் யோசனை சொல்வார். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டு, அவரால் என்ன முடியும் என்பதைப் பிறகு கேளுங்கள்.

பூனையை மாடு போலக் கட்டிப்போடச் சொல்லாதீர்கள். அதன் குணத்துக்கு அது ஒத்துவராது. கயிறு கழுத்தில் சுருக்கிச் சாகவும் கூடும். முடியக்கூடிய உதவியைக் கேளுங்கள்: வேளைக்குச் சோறு, ராத்திரி வீட்டுக்குள் அடைப்பு, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை. கேட்காமல் அவர் பூனைக்கு உங்கள் வீட்டில் பால் ஊற்றிப் பழக்கவும் வேண்டாம். ஒருநாள் ஊற்றிவிட்டு மறுநாள் அடித்தால், தவறு பூனை மேல் இல்லை.

பூனை வளர்ப்பவர்கள் கவனத்துக்கு...

பல வீடுகளில் பூனைக்குப் பால் சோறும் தயிர்ச் சோறும்தான் ஆகாரம். பூனை மாமிசம் தின்னும் பிராணி. மாமிசத்தில் மட்டுமே போதுமான அளவில் கிடைக்கும் ‘டாரின்’ என்ற சத்து இல்லாவிட்டால், நாளடைவில் அதன் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிறு போகும். சோற்றால் வயிறு நிறைந்தாலும் அந்தப் பூனைக்குப் பசி அடங்காது. மீன் வாடை வரும் வீட்டைத் தேடித்தான் போகும். வேகவைத்த மீன் தலை, முட்டை, கோழி ஈரல் ஆகியவற்றைச் சோற்றோடு கொஞ்சம் சேர்த்து, காலையும் மாலையும் ஒரே நேரத்தில் வையுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு ஆகாது என்பதால் குழம்புச் சோறு வேண்டாம். வேகவைத்த கோழி எலும்பையும் கொடுக்காதீர்கள். சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையைக் குத்தும்.

மாலைச் சோற்றை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால், ராத்திரி ஊர் சுற்றாது. ஒரு பழைய அன்னக்கூடையில் மணல் நிரப்பி மூலையில் வைத்தால், அடுத்தவர் கீரைப்பாத்தியைத் தேடிப் போகாது. ‘பூனைக்கு யார் மணி கட்டுவது?’ என்ற கேள்விக்கும் பதில் உண்டு: வளர்க்கிறவர்தான்! மணி ஓசை கேட்டால் தாய்க்கோழி உஷாராகிவிடும். எலிக்கும் கேட்கும் என்பதால் எலி வேட்டை கொஞ்சம் குறையலாம். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும்; எங்காவது மாட்டினால் கழன்றுவிடும் பட்டையாக இருக்க வேண்டும்.

பெட்டைப் பூனை ஆறு மாதத்திலேயே, சில நான்கு மாதத்திலேயே, பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். ஓர் ஈற்றுக்கு மூன்று, நான்கு குட்டிகள் என்று வருடத்தில் இரண்டு, மூன்று தடவை போடும். இன்று ஒரு பூனைத் தொல்லை என்றால், அடுத்த வருடம் பத்துப் பூனைத் தொல்லை. ஐந்து, ஆறு மாதத்தில் அறுவை சிகிச்சை செய்துவிட்டால் குட்டி போடாது. கடுவன் பூனைக்குச் செய்தால் ஊர் சுற்றுவதும், சண்டையும், சுவரில் சிறுநீர் பீய்ச்சுவதும் பெருமளவு குறையும். அருகில் உள்ள கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சை வளாகங்களிலும் கேட்கலாம். மூன்று மாதத்தில் முதல் வெறிநோய்த் தடுப்பூசியும், பிறகு வருடம் ஒருமுறையும் போட வேண்டும்.

விஷம் வைத்தால் யார் சாவது?

கடையில் வாங்கும் எலி மருந்துக்கு எலி, பூனை, நாய், குழந்தை என்ற வித்தியாசம் தெரியாது. துத்தநாகப் பாஸ்பைடு வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாகிறது. அதற்கு முறிவு மருந்து இல்லை. பசை வடிவ மருந்துகளில் இருந்த மஞ்சள் பாஸ்பரஸ், மனிதரின் ஈரலை அழித்து உயிரையே எடுத்திருக்கிறது. இரத்தம் உறையாமல் செய்யும் மருந்துகள் தின்ற எலியைச் சில நாள் கழித்துத்தான் கொல்லும். அதற்குள் அந்த எலியைத் தின்ற பூனையும் நாயும் பாதிக்கப்படும். மருந்து தடவிய கருவாட்டைப் பூனைதான் எடுக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. காகம் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டால் என்ன செய்வது?

சட்டமும் இதைச் சும்மா விடாது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960-ன்படி பிராணியைத் துன்புறுத்துவது குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவு, பிராணியைக் கொன்றோ விஷம் வைத்தோ ஊனப்படுத்தியோ சேதம் விளைவிப்பவருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஒரு லிட்டர் பாலுக்காகப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வாசகர்கள் கேட்பவை

“பக்கத்து வீட்டுப் பூனை என் மகளின் கையைப் பிறாண்டிவிட்டது. வீட்டுப் பூனைதானே என்று விட்டுவிடலாமா?”

விடக் கூடாது. வெறிநோய் நாய்க்கடியால் மட்டும் வருவதில்லை. பூனைக்கடி, பிறாண்டலாலும் வரும். வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய், காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள், தடுப்பூசி இலவசம். முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாள்கள் என்று மருத்துவர் சொல்லும் எல்லாத் தவணைகளையும் போட்டு முடிக்க வேண்டும். ரத்தம் வந்த காயத்துக்கு, அந்த இடத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். பூனையைப் பத்து நாள் கவனிக்கலாம். ஆனால் அதுவரை ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

“ஊர்ப் பூனைகள் தீவன அறையில் மலம் கழிக்கின்றன. எங்கள் வெள்ளாடு இரண்டு விச்சு போட்டுவிட்டன. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?”

இருக்கலாம். ‘டாக்ஸோபிளாஸ்மா’ என்ற நுண்ணுயிர், பூனை மலத்தின் வழியே தீவனத்திலும் தண்ணீரிலும் கலந்து, சினை ஆடுகளில் கருச்சிதைவையும், செத்த குட்டி, நோஞ்சான் குட்டி பிறப்பதையும் உண்டாக்கும். முதல்முறை நோய் தொற்றிய பூனைகள், பெரும்பாலும் இளம் பூனைகள், சில வாரம் இதை வெளியேற்றும். புருசெல்லா போன்ற வேறு காரணங்களும் உண்டு என்பதால், கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சோதிப்பதுதான் சரி. விழுந்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொடாமல் ஆழமாகப் புதையுங்கள். அடர் தீவனத்தை மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள். மலத்தைத் தினமும் அள்ளிவிட்டால் நோய்க்கிருமி பக்குவமாக நேரம் கிடைக்காது. அது தொற்றும் நிலைக்கு வர ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. தோட்ட வேலைக்குப் பிறகு கையையும், சமைக்கும் முன் கீரை, காய்கறிகளையும் நன்றாகக் கழுவ வேண்டும்.

“சாக்கில் கட்டி, சந்தையில் கொண்டுபோய் விட்டுவிட்டால் என்ன?”

அடுத்தவர் வளர்க்கும் பூனையைச் சொல்லாமல் கொண்டுபோய் விட்டால், பிறகு அந்த வீட்டு முகத்தில் விழிக்க முடியாது. பக்கத்து ஊரில் விட்டால் பல பூனைகள் திரும்பி வந்துவிடும். தூரத்தில் விட்டால், தெரியாத இடத்தில் பட்டினியும் நாயும் சாலையும் அதை முடித்துவிடும். உங்கள் வீட்டில் பால் திறந்தே இருந்தால், அடுத்த பூனை வரத்தான் போகிறது.

“வைக்கோல் போரில் பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டுவிட்டது. அப்புறப்படுத்தலாமா?”

கண் திறக்காத குட்டிகளைத் தொட்டுக் கலைக்காதீர்கள். தாய் தானே இடம் மாற்றிக்கொள்ளும். சில சமயம் ஒன்றிரண்டை விட்டுவிட்டும் போகும். வளர்ப்பவரிடம் சொல்லி, எட்டு வாரம் ஆனதும் கேட்பவர்களுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். எலித் தொல்லை உள்ள நெல் மண்டி, மாட்டுக் கொட்டகைக்காரர்கள் ஆசையாக வாங்கிப் போவார்கள். தாய்ப்பூனைக்கு உடனே அறுவை சிகிச்சை செய்யச் சொல்லுங்கள். பால் கொடுக்கும் காலத்திலேயே அது மறுபடி சினையாகிவிடும்.

மறுபடி ஈரோட்டு வீட்டுக்கு...

சாம்பலில் ஐந்து விரல் தடத்தைப் பார்த்த அன்று சாயங்காலம், அந்தப் பெண் பக்கத்து வீட்டுக்குப் போனார். கையில் நான்கு முட்டைகள்.

“குஞ்சத் தூக்குனது கீரிங்க பெரியம்மா. நாந்தான் உங்க பூனையச் சொல்லிட்டேன்.”

மூதாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “பால் குடிச்சது அதுதானே அம்மிணி? எனக்குத் தெரியும். வாய்ல பாலாடையோட வந்துச்சு” என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வாரம் கணவர் ஜன்னலுக்கு வலை அடித்தார். கோழிக் கூண்டைச் சுற்றி ஓரடி ஆழம் வாய்க்கால் வெட்டி வலையைப் புதைத்தார். மூதாட்டி தயிர்ச் சோற்றோடு தினமும் ஒரு துண்டு மீனோ, அவித்த முட்டையோ சேர்க்கத் தொடங்கினார். முட்டை பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. மாலை ஆறு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் பூனை அவர் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்கிறது. திருப்பூரிலிருந்து மகன் வந்தபோது, கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சையும் தடுப்பூசியும் செய்துவிட்டார்.

மிச்சம் இருந்த ஏழு குஞ்சுகளும் வளர்ந்துவிட்டன. மஞ்சள் களை எடுக்க அந்தப் பெண் காட்டுக்குப் போகும் நாள்களில், கொடாப்புக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு காவலுக்கு உட்காருவது அந்த மூதாட்டிதான். பூனையும் கூடவே வந்து கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்கிறது.